உப்பு வாளி

ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
மழை சாறலாகக் குறையும்போது
நனைத்த சாக்கை விரித்து அதன்மேல்
பப்பாளி இலையைக் கிழித்துப் போடுவோம்.
அரைமணி நேரம் போதும்.
வந்துவிடும்.

பள்ளியாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
இரண்டே முக்கால் சென்ட்.
கிணற்றுக்கும் அடுத்தவர் ரப்பர் வேலிக்கும் நடுவே
பன்னிரண்டு மூடு மரச்சீனி,
கயிறு பிடித்து ஏறும் காச்சில்,
பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வழியில் சேம்பு,
வழுதலை நாலு.
பதினொரு வருஷம் நான் மட்டும் கொத்திய மண்.

ஃபோனில் அவருக்கு வழுதலங்காயைக் காட்டியிருக்கிறேன்.
சிறுகிழங்கை உள்ளங்கையில் வைத்து
மண்ணோடு காட்டியபோது
"மணக்குது" என்றார், ரியாத்திலிருந்து.
நத்தையைக் காட்டியதில்லை.

திரும்பி வந்த மூன்றாம் நாள்
ஷேவிங் டப்பாவுக்குள்ளிருந்து
ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார்.
மேலே அரபி எழுத்து.
உள்ளே கடுகைவிடச் சின்ன விதை.
"ஜிர்ஜிர். கீரையாக்கும். பச்சையா திங்கணும்."
என் மிளகாய்ப் பாத்தியை வெட்டித் திருத்தித் தூவினார்.
ஏன் என்று கேட்டேன்.
வாயால் கேட்கவில்லை.

ஆறாம் நாள் முளை.
பத்தாம் நாள் காலை
பாத்தி முழுக்க வெள்ளிக் கோடு மட்டும்.
என் சேம்பை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு
அயல்நாட்டுக் கீரைக்குப் போயிருந்தன
அயல்நாட்டு நத்தைகள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.

அன்று தொடங்கியது.
அவர் டார்ச், நான் வாளி.
என் கையில் பால் கவர்; அவருக்கு வெறுங்கை.
ஒவ்வொன்றும் கோழிமுட்டைக் கனம்.
பிடுங்கும்போது ஒரு சத்தம் வரும்,
பிளாஸ்திரி பிரிவதுபோல.
உப்புத் தண்ணீரில் விழுந்தால் நுரை.
அதைப் பார்க்கமாட்டேன். எண்ணுவேன்.

"எத்தன?"
"முப்பத்தாறு."

பகலில் எங்களுக்குள் இவ்வளவு பேச்சு கிடையாது.
பகலில் அவர் விருந்தாளி,
எந்த சுவிட்ச் எதற்கென்று தெரியாமல்
ஃபேனுக்கு லைட்டைப் போடுகிறவர்.

நேற்று எழுபத்தொன்றாவது நத்தையில்
டார்ச் அணைந்தது.
சார்ஜ் தீர்ந்ததென்று நினைத்தேன்.

"நாலு வருஷமா எனக்கு ஏசி வேலையில்ல.
கம்பெனிய பூட்டியாச்சு.
அல் கர்ஜுல ஒரு தோட்டம்.
பிளாஸ்டிக் கூடாரம். ஜிர்ஜிரும் வெள்ளரியும்.
அதுலதான் கெடந்தேன்."

ரப்பர் இலைகளில் நீர் சொட்டியது.
வாளிக்குள் ஓட்டோடு ஓடு உரசியது.

நான் கேட்டது இதுதான்:
"அங்க நத்தை உண்டா?"
"இல்ல. வெள்ளைப்பூச்சி உண்டு."
"அதுக்கு என்ன அடிப்பிய?"
சொன்னார். நிறையச் சொன்னார்.
எத்தனை விரல்கடை தள்ளி விதைக்கணும்,
வெயில் தாழ்ந்த பிறகு ஏன் அறுக்கணும்.
கட்டுக் கட்டும் ரப்பர்பேண்டைக் கையில் கோத்துக் கோத்து
மணிக்கட்டில் விழுந்த தழும்பு.
இருட்டில் என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அப்போதே நானும் சொல்லியிருக்கலாம்.
கிணற்றடியில் அவர் சின்ன வயதில் நட்ட அயனி
ஒக்கிக் காற்றில் விழவில்லை.
அடுத்த வாரம், ஊரில் விழுந்த மரங்களோடு மரமாக
ஆளை விட்டு அறுத்து விற்றேன்.
ஜெர்லினுக்குக் காய்ச்சல்,
மார்த்தாண்டத்தில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
"காத்து கொண்டு போச்சு" என்று
ஃபோனில் சொன்னது அப்படியே கிடக்கிறது.
மூட்டின் மேல் இப்போது தடியங்காய்க் கொடி.

"எத்தன?"
"எழுபத்தொண்ணு."
"நூறு ஆகட்டு."

டார்ச் மறுபடி எரிந்தது.
தடியங்காய் இலையை விலக்கினார்.
மூன்று நத்தைகள்,
ரம்பம் ஓடிய வட்டத்தில், பக்கம் பக்கமாக.
காற்று சாய்த்த மரத்துக்கு
வேர் வெளியே கிடக்கும்.
வெளிச்சம் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது.

ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டார்.
"எழுபத்திநாலு" என்றார்,
நான் எண்ணுவதற்கு முன்னால்.